கிட்டாரில் கட்டிய எலுமிச்சம்பழம்

என் மகள் கூரியரில் ஒரு கிட்டார் வரவழைத்திருக்கிறாள். கல்லூரியில் சேர்ந்ததும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பைத்தியம் பிடிக்கும், இவளுக்கு இது. அட்டைப்பெட்டியைக் கிழித்து, தெர்மாகோலை வீடு முழுக்க இறைத்து, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கம்பியை அழுத்தி மீட்டினாள். ‘ஜிர்ர்ர்’ என்றது. தகர டப்பாவுக்குள் குளவி மாட்டிக்கொண்ட மாதிரி. அடுப்படியில் தாளித்துக்கொண்டிருந்த எனக்குக் கை நின்றுவிட்டது. கடுகு கருகி, கறிவேப்பிலை கருகி, வீடெல்லாம் நெடி. அந்தச் சத்தத்தை நான் எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்வேன்.

“புதுசே இப்பிடி கொர்ருங்குது. திருப்பி அனுப்பிடுடி” என்றேன்.

“சும்மாரும்மா. நெக்க அட்ஜஸ்ட் பண்ணா போயிடும்.”

போனைத் தலையணைமேல் சாய்த்து வைத்து ஒரு வீடியோவை ஓடவிட்டாள். பெட்டியோடு ஒரு சின்னச் சாவி வந்திருந்தது. பைக் மெக்கானிக் கடையில் பார்த்திருப்பீர்கள், வளைந்த ஆலன் கீ, அதேதான். கிட்டாரின் தலைப்பக்கம் ஒரு சின்ன மூடி. அதைக் கழற்றினால் ஓர் ஓட்டை. ஓட்டைக்குள் ஒரு நட்டு. சாவியை உள்ளே விட்டு லேசாகத் தளர்த்தினாள், கால் சுற்றுகூட இருக்காது. மறுபடி மீட்டினாள். சத்தம் போயே போச்சு. நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“இன்னாடி பண்ண?”

சொன்னாள். கிட்டாரின் கழுத்துக்குள் நீளமாக ஓர் இரும்புத் தண்டு ஓடுகிறதாம். கம்பிகள் கழுத்தை முன்பக்கம் இழுக்கும், தண்டு அதைப் பின்பக்கம் இழுத்துப் பிடிக்கும். கழுத்து ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருக்கக் கூடாதாம், ஒரு மயிரிழை குழிந்திருக்க வேண்டுமாம். அப்போதுதான் கம்பி ஆடுவதற்கு இடம் இருக்கும். இல்லையென்றால், கழுத்தில் வரிசையாகப் பதித்திருக்கிற பட்டைகளில் கம்பி போய் உரசி ‘ஜிர்’ என்னும். வெயிலில் மரம் காய்ந்தால் கழுத்து பின்னால் நிமிர்ந்துகொள்ளும், ஈரத்தில் ஊறினால் மறுபடி குழியும். அதற்குத் தக்கபடி நட்டைத் திருகிக்கொள்ள வேண்டியது.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

“இன்னாடி அவ்ளோதான்!” என்று நான் கத்திய கத்தலில் அவள் சாவியைக் கீழே போட்டுவிட்டாள். பாவம், அவளுக்கு ஏழுமலையைத் தெரியாது.

உங்களுக்கும் தெரியாது, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் நான் கள்ளக்குறிச்சியில் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவில் பாடிக்கொண்டிருந்தேன். குழுவின் பெயரைச் சொல்லமாட்டேன். பெயரில் நாதமும் இருந்தது, லயமும் இருந்தது, மேடையில்தான் இரண்டையும் காணோம். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கூழ் ஊற்றுகிற திருவிழா, கட்சிக்காரர் வீட்டு ரிசப்ஷன் என்று யார் கூப்பிட்டாலும் வேனில் ஏறிவிடுவோம். நான் ஏதோ பெரிய பாடகி என்று நினைத்துவிடாதீர்கள். மூக்கால் பாடுகிறவள். மேலே போக வேண்டிய இடம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு மைக்கைத் தள்ளிப் பிடிப்பேன். பொண்ணு பாட்டிலேயே கரைந்துபோய்விட்டது என்று ஜனங்கள் நினைத்துக்கொள்ளும். எனக்குத் தொண்டை எட்டவில்லை, அதுதான் விஷயம். ஜிகினா வைத்த புடவை ஒன்று வைத்திருந்தேன், எந்த மேடைக்கும் அதுதான். அந்த ஜிகினா வேர்வையில் கழுத்தில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வந்து, மறுநாள் நான் பிசைகிற சோற்றிலும் மின்னும்.

குழுவின் தலைவர் கலியமூர்த்தி. மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பும் பம்புசெட்டுமாக வசதியான குடும்பம். தோட்டத்தில் இறங்கினால் கை காய்த்துப்போகும் என்று கீபோர்டு வாசிக்க வந்த மனுஷன். நோட்டீஸில் பெயரைக் கலைமூர்த்தி என்று மாற்றி அடித்துக்கொண்டார். ‘மாஸ்டர்’ என்று கூப்பிடாவிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். சித்திரை வெயிலிலும் கோட்டு. கீபோர்டில் தாளம் தானாக ஓடுகிற பட்டனை அமுக்கிவிட்டு, ஒரு கையால் தலையைக் கோதிக்கொண்டு, அந்தத் தாளம் என்னவோ தன் வியர்வையில் விளைந்த மாதிரி நாலு பக்கமும் பார்த்துத் தலையாட்டுவார். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வரும். ஆனால் மேடை அவருடையது, வேன் அவருடையது. நாங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம்.

ஏழுமலை எங்கள் கிட்டார்காரன். கருணாபுரத்து ஆள். பகலில் நெல் மண்டியில் மூட்டை தூக்குவான், சாயங்காலம் முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு மேடைக்கு வந்துவிடுவான். அதற்கு முன்னால் பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போயிருந்தான். கூடப் போனவர்கள் எல்லாம் டிவி, மிக்ஸி என்று வாங்கிக்கொண்டு திரும்பியபோது இவன் பழைய கிட்டார் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸைவிட்டு இறங்கினானாம். கட்டடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வாசிப்பதைச் சாரத்தின் மேலிருந்து பார்த்துப் பார்த்து, அப்புறம் அவர் வீட்டு வாசலிலேயே போய் நின்று, கெஞ்சிக் கற்றுக்கொண்டது. “ரெண்டு பித்தளக் கொடம் வாங்கியாந்திருந்தா பொழங்கவாவது ஆவும்” என்று அவன் அம்மா தலையில் அடித்துக்கொண்டதை அவனே நடித்துக் காட்டுவான்.

பெரிய கை அவனுக்கு. உள்ளங்கை பூரா காய்ப்பு. அந்தக் கை கம்பிமேல் உட்காருகிற அழகைப் பார்க்க வேண்டுமே! அவ்வளவு பெரிய கை அவ்வளவு பூப்போல நடக்குமா என்று ஆச்சரியமாக இருக்கும். நான் பாட்டுக்கு நடுவில் சுருதியைவிட்டு இறங்கினால் போதும், ஓரக்கண்ணால் பார்த்து, எனக்கு மட்டும் விளங்குகிற மாதிரி ஒரு கம்பியைத் தட்டிக் காட்டுவான். நான் பிடித்துக்கொள்வேன். ஜனங்கள் எனக்குக் கைதட்டும். “யக்கா, இன்னிக்கி ஜாஸ்தி எடத்துல உழுந்துட்ட” என்று வேனில் காதோடு சொல்லிச் சிரிப்பான். சில சமயம் ஜனங்கள் அவனையே தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்கும். அப்போது மாஸ்டரின் முகத்தைப் பார்க்க வேண்டும், வேப்பங்காயைக் கடித்த மாதிரி இருக்கும். மூட்டை தூக்குகிறவன் ஒருத்தன் தனக்குப் பக்கத்தில் நின்று கைதட்டு வாங்குவது அவருக்குச் செரிக்கவில்லை.

டீசல் புகை வந்தால் எனக்கு இன்றைக்கும் மேடைக்குப் பின்பக்கம் ஞாபகம் வரும். ஜெனரேட்டர், அதன் பக்கத்தில் மல்லிகைப்பூவும் பவுடருமாக நாங்கள், எல்லாவற்றுக்கும் நடுவில் ஸ்குரூ டிரைவரைக் காதில் செருகிக்கொண்டு சேகர். சவுண்டு சர்வீஸ்காரன். அந்த வருஷம் அக்னி நட்சத்திரத்தில்தான் ஏழுமலையின் கிட்டார் முதன்முதலில் ‘ஜிர்’ என்றது. அவன் வீட்டுக்கு மேலே தகர ஷீட்டு, பகலெல்லாம் கிட்டார் அதற்கடியில் வெந்துகொண்டிருந்தது என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது சேகர் வந்து காதை வைத்துக் கேட்டான்.

“எர்த்து இல்லக்கா” என்றான்.

எது நடந்தாலும் சேகருக்கு எர்த்து இல்லாததுதான் காரணம். மைக் அலறினாலும் எர்த்து, டியூப்லைட் கண் சிமிட்டினாலும் எர்த்து, பெண்வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் கைகலப்பு வந்தாலும் எர்த்தைத்தான் சந்தேகப்படுவான். மண்ணில் ஒரு கம்பியைப் புதைத்து உப்புத்தண்ணீர் ஊற்றினான். ஜிர். ஒயரை மொத்தமாகப் பிடுங்கிவிட்டு வெறும் கிட்டாராக மீட்டிக் காட்டினான் ஏழுமலை. அப்போதும் ஜிர்.

“கரண்டே இல்லியேடா. இதுக்கு இன்னா எர்த்து?” என்றேன்.

“கரண்டு இல்லன்னாலும் எர்த்து வேணும்க்கா” என்றான், எனக்கு மூளை கம்மி என்கிற மாதிரி.

எனக்கு மூளை கம்மிதான். நான் கண்டுபிடித்த காரணம், கண்ணு பட்டிருக்கிறது. மாரியம்மன் கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழமும் மிளகாயும் மந்திரித்து வாங்கி வந்து கிட்டாரின் தலையில் கட்டிவிட்டேன். அவன் குனிந்து வாசிக்கும்போதெல்லாம் பழம் ஆடி ஆடி அவன் இடதுகை மணிக்கட்டில் இடித்தது. என் மனசு நோகக்கூடாதென்று அதோடேயே வாசித்தான். மிளகாய் நெடியில் நடுப்பாட்டில் தும்மல் வேறு. மந்திரம் கம்பிகளுக்குக் கேட்கவில்லைபோலும், அதன் பாட்டுக்கு ஜிர்ரிக்கொண்டே இருந்தது.

கடைசியில் மாஸ்டர் பரிசோதனை நடத்தினார். எல்லோரையும் சுற்றி நிற்கவைத்துக்கொண்டு, விரல் எதுவும் வைக்காமல் கம்பியைச் சும்மா மீட்டினார். சத்தம் சுத்தமாக வந்தது. “இப்ப நீ வெரல வைய்யி” என்றார். ஏழுமலை முதல் பட்டைக்குப் பக்கத்தில் அழுத்தினான். ஜிர். மாஸ்டர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“பாத்தீங்களா? வெரலு வைக்கலன்னா நல்லாருக்கு. வெரலு வச்சா கெட்டுப்போவுது. அப்ப கோளாறு எங்க இருக்குது?”

எப்படி? அடுப்பில் சட்டி வைத்தால் குழம்பு தீய்கிறது, வைக்காவிட்டால் தீயவில்லை, ஆகவே சமைத்தவள் கை சரியில்லை என்கிற மாதிரி. ஆனால் அன்றைக்கு எல்லோரும் தலையாட்டினோம். கோட்டுப் போட்டவர் சொன்னால் எங்களுக்கெல்லாம் அது சயின்ஸ்.

“மூட்ட தூக்குற கையிடா. மரத்துப்போயிருக்குது. கம்பி எங்க இருக்குதுன்னே உனுக்குத் தெரியல” என்றார் மாஸ்டர். ஏழுமலை தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். அதற்கு முன்னால் அவன் அப்படித் தன் கையைப் பார்த்து நான் பார்த்ததில்லை.

அவன் சும்மா இருந்துவிடவில்லை. மண்டியிலிருந்து வந்ததும் உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் தேய்த்துச் சுடுதண்ணீரில் ஊறவைத்தான். கருங்கல்லில் காய்ப்பைத் தேய்த்து ரத்தம் வரவழைத்துக்கொண்டான். “மாஸ்டரு, மரத்துல எதுனா இருக்குமோ? மழக்காலத்துல நல்லாதான் இருந்துச்சி” என்று ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னான். இவ்வளவு பேரில் வாயில் உருப்படியாக ஒரு வார்த்தை வந்தது அவனுக்கு மட்டும்தான். மாஸ்டர் பெரிய மனசு பண்ணி, “சரி, உன் திருப்திக்கு ஒரு கை பாத்துடலாம்” என்று கிட்டாரை ஸ்தபதியிடம் கொண்டுபோனார்.

எங்கள் ஊர் மரச் சிற்பத்துக்குப் பெயர்போனது, அதில் எனக்கும் பெருமைதான். இந்த ஸ்தபதியும் லேசுப்பட்டவர் இல்லை. அவர் செதுக்கிய யாளி கடித்துவிடும் போலிருக்கும். அதோடு நிறுத்தியிருக்கலாம். கிட்டாரை வாங்கி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தார்.

“நெளிஞ்சிருக்குதுங்க. கோணலா ஒரு மரம் என் கண்ணுல படக்கூடாது” என்றார்.

ஈரத்துணி சுற்றி, கட்டைகளுக்கு நடுவில் வைத்து இறுக்கி, நாள்கணக்கில் பாரம் ஏற்றிக் கழுத்தை நிமிர்த்தினார். நூல் பிடித்துச் சரிபார்த்தார். வார்னிஷ் அடித்தார். கோயில் தேரில் கட்டிவிட்டால் ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளும், அப்படி ஒரு பளபளப்பு. நாங்கள் வாங்கப் போனபோது தலைப்பக்கம் ஒரு தாமரை பூத்திருந்தது. சின்னத் தாமரை, இதழுக்கு இதழ் நரம்பு தெரிகிற நுணுக்கம்.

“இங்க ஒரு ஓட்ட இருந்துச்சேங்க. உள்ள ஒரு நட்டு இருந்துச்சி” என்றான் ஏழுமலை.

“ஆமா, எவனோ மரத்த நோண்டி இரும்பப் போட்டு வச்சிருந்தான். மரத்தூளும் கோந்தும் வச்சி அடச்சிட்டேன். தாமர அதுக்கு மேல குந்திக்கினு இருக்குது, இனிமே ஒரு பயலுக்கும் தெரியாது.”

“அது எதுக்கோ வச்சிருப்பாங்க இல்லீங்க?”

“தம்பி, மரத்துக்கு இன்னாத்துக்குடா நட்டு? அது இன்னா சைக்கிளா?” என்று ஸ்தபதி சிரித்தார். மாஸ்டரும் சிரித்தார். நானும் அந்தத் தாமரையைத் தொட்டுப் பார்த்து, அய்யோ என்ன அழகு என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கேட்டுக்கொள்ளுங்கள், கிட்டாரைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஓர் இடம் இருந்தது. அதைத் தேடிப் பிடித்து, அடைத்து, மேலே பூவும் வைத்தாகிவிட்டது. இதைச் செய்ய எங்கள் ஊர்க் கலைஞனால்தான் முடியும்.

ஏற்கெனவே நிமிர்ந்திருந்த கழுத்தில் மிச்சமிருந்த கொஞ்சநஞ்சக் குழிவும் இப்போது போய்விட்டதா, முன்பு எங்கோ ஓரிடத்தில் ஜிர்ரியது எல்லா இடத்திலும் ஜிர்ரியது. மாஸ்டருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? “மரத்த ஸ்தபதியே பாத்து நேராக்கிட்டாரு. இனிமே மரத்து மேல பழி போட முடியாது. பாக்கி இருக்குறது வெரலு மட்டுந்தான்” என்றார். அடுத்த மாதம் மலையில் ஒரு கச்சேரி இருந்தது. அதிலும் இப்படியே என்றால் கிட்டாரை நிறுத்திவிட்டுக் கீபோர்டிலேயே கிட்டார் சத்தத்தை வாசித்துக்கொள்ளப்போவதாகச் சொன்னார். ஏழுமலைக்கு அந்த மேடையைவிட்டால் வேறு என்ன இருந்தது? விடிந்தால் மண்டி, மூட்டை. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆடி மாதம். கீழே ஒரு பொட்டு மழை இல்லை, புழுதிக்காற்று. கல்வராயன் மலையில் வேன் ஏற ஏறக் குளிர் முகத்தில் அடித்தது. கரியாலூரில் திருவிழா. போய் இறங்கியதும் தூறல் பிடித்துக்கொண்டது. இன்றைக்கு விடும், நாளைக்கு விடும் என்று நாள்கணக்கில் அங்கேயே தங்கிக் கிடந்தோம். பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. துணி காயவில்லை, தீக்குச்சி பற்றவில்லை, எங்கள் தபேலாவின் தோல் நமுத்துப்போய் ‘தொப்பு தொப்பு’ என்றது. ஏழுமலை ஒரு மூலையில் கிட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான். வாசித்துப் பார்க்கவே பயம் அவனுக்கு.

மழை விட்ட ஒரு மத்தியானம் மேடை ஏறினோம். முதல் பாட்டு. நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஜிர்ருக்குக் காத்திருந்தேன். வரவில்லை. மணி மாதிரி, கழுவிவிட்ட மாதிரி ஒரு நாதம். கண்ணைத் திறந்து பார்த்தால் ஏழுமலை தன் விரலையே பார்த்துக்கொண்டு வாசிக்கிறான், கண்ணில் தண்ணீர் கோத்திருக்கிறது. அப்புறம் அவனைப் பிடிக்க முடியவில்லை. நடுவில் மறுபடி தூறல் போட்டும் மலை ஜனம் குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டே கேட்டது. பாட்டு முடிந்தும் அவனை விடவில்லை, இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டு வாங்கினார்கள். நானும் அன்றைக்கு ஓரிடத்திலும் விழவில்லை. என் பாட்டு வாழ்க்கையில் நான் உண்மையாகப் பாடினேன் என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரு மத்தியானம்தான் இருக்கிறது.

இறங்கி வரும்போது வேனில் ஒரே சண்டை, இது யாரால் நடந்தது என்று. “மலையில எர்த்து நல்லா இருக்கும்க்கா, பாற எல்லாம் இரும்பு” என்றான் சேகர். நான் எலுமிச்சம்பழத்துக்குப் பங்கு கேட்டேன். மாஸ்டரோ, “நான் திட்டுன திட்டுல வெரலு வழிக்கு வந்துடுச்சி” என்று முடித்துவிட்டார். மரம் ஈரத்தில் ஊறிக் குழிந்துகொண்டது, அவ்வளவுதான் சங்கதி. மழைக்குத் தெரிந்த வைத்தியம்கூட எங்கள் வேனில் இருந்த ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஏழுமலை மட்டும் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துக்கொண்டு வந்தான். “யக்கா, என் கை நல்லாதான் இருக்குது போல” என்றான் என்னிடம். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

ஆவணியில் கட்சிக்காரர் ஒருத்தர் வீட்டு ரிசப்ஷன். கள்ளக்குறிச்சியில் பெரிய மண்டபம், வாசலிலிருந்து சாலை வரைக்கும் பேனர். மலையிலிருந்து வந்து இறங்கிய நாளிலிருந்து கிட்டார் மறுபடியும் தகர ஷீட்டுக்கடியில் காய்ந்துகொண்டிருந்ததே, அதை யார் நினைத்துப் பார்த்தார்கள்? முதல் பாட்டிலேயே ஜிர்ரென்று பிடித்துக்கொண்டது. பாக்ஸ் வழியாக மண்டபம் முழுக்கக் குளவி. ஏழுமலை கம்பியை மாற்றி மாற்றி அழுத்திப் பார்க்கிறான், நெற்றியில் வேர்வை சொட்டுகிறது. மாஸ்டர் கீபோர்டை நிறுத்தினார். நிறுத்திய மனுஷன் மைக்கை நிறுத்தவில்லை.

“மலை மேல நல்லா வாசிக்கத் தெரியுது, கீழ வந்தா வெரலு ஆடுது. இன்னாடா, ஊத்திக்கினு வந்துட்டியா? கருணாபுரத்தானுக்கு வேற இன்னா தெரியும்!”

மண்டபம் சிரித்தது. மாப்பிள்ளை சிரித்தார், பெண்ணும் பூமாலைக்குள் குனிந்து சிரித்தது. ஏழுமலையின் அப்பா குடித்தே போய்ச் சேர்ந்தவர். அந்த வாடை பட்டாலே இவனுக்குக் குமட்டும், வேனில் யாராவது போட்டுக்கொண்டு வந்தால் ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொள்வான். கருணாபுரம் என்றால் இப்போது ஊர் உலகத்துக்கெல்லாம் ஒரே சேதிதான் தெரியும், கள்ளச்சாராயச் சாவு. மாஸ்டர் மாதிரி ஆட்கள் அதற்கு வெகுமுன்பே அங்கே பிறந்த அத்தனை பேருக்கும் முடிவு எழுதி வைத்துவிட்டார்கள்.

“மாஸ்டர், அவன் தொடமாட்டான். உங்களுக்கே தெரியும்” என்றேன்.

“நீ பாடற வேலையப் பாரு” என்றார்.

ஏழுமலை கிட்டாரை மெதுவாக நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினான். சாப்பாட்டுக்கூடம் வழியாகப் பின்பக்கம் போனதைப் பார்த்தேன். அதன்பிறகு அவன் வரவில்லை, கிட்டாரை எடுத்துப்போகவும் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். “உடுக்கா, நமக்கு அது செட்டாவாது” என்று சொல்லிவிட்டான். அந்த ரிசப்ஷனில் மிச்சக் கச்சேரி முழுக்க நான் சுருதி சேராமல்தான் பாடினேன். கம்பியைத் தட்டிக் காட்ட ஆளில்லை. வந்திருந்த அத்தனை பேரில் ஒருத்தருக்கும் அது தெரியவில்லை, நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் கைதட்டிவிட்டுப் போனார்கள்.

அந்தக் குழு கலைந்துபோய்விட்டது. நல்லவேளை என்றுதான் சொல்வேன். மாஸ்டர் அந்தக் கிட்டாரைத் தன் வீட்டு ஹாலில் சுவரில் மாட்டிவைத்து, தாமரை தெரிகிற மாதிரி லைட் போட்டிருக்கிறாராம். ரிசப்ஷனுக்கு இப்போது யார் ஆர்க்கெஸ்ட்ரா வைக்கிறார்கள்? சேகரே ஆளுயரப் பெட்டிகளை அடுக்கி, ஒரு போனைச் செருகிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து தூங்குகிறான். வேனும் இல்லை, ஜிகினாப் புடவையும் இல்லை. அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். சேகரிடம் நம்பர் வாங்கி, மகள் அந்த நட்டைத் திருகிய அன்றைக்கே ஏழுமலைக்குப் போன் போட்டேன். எத்தனையோ வருஷம் கழித்துப் பேசுகிறோம். பின்னால் மண்டிச் சத்தம் கேட்டது.

“யக்கா! எப்பிடிக்கா இருக்க?”

நான் நலம்கூட விசாரிக்கவில்லை. மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன், தண்டு, நட்டு, வெயில், ஈரம் எல்லாவற்றையும். “உன் வெரலு மேல ஒரு தப்பும் இல்லடா. எல்லாம் அந்த நட்டு. நீ அப்பவே கேட்ட, அந்த ஆளு சிரிச்சான்.”

போனில் லாரி ஒன்று பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டது.

“இல்லக்கா, வெரலுதான்” என்றான்.

“என் கண்ணால பாத்தேன்டா!”

“புது கிட்டாருக்கு அப்பிடி இருக்கும்க்கா. நம்மளுது வெரலு. நீ என் மனசு ஆறட்டும்னு சொல்ற.”

“அப்ப கரியாலூர்ல வாசிச்சியே? ஜனமே நனைஞ்சிக்கினு கேட்டுச்சே, அது இன்னாவாம்?”

“அது ஒருநாளு வந்துதுக்கா. எல்லாருக்கும் அப்பிடி ஒருநாளு வரும் இல்ல?”

எனக்கு வந்த கோபத்துக்கு மாஸ்டர் எதிரில் இருந்திருந்தால் அந்தக் கோட்டோடு சேர்த்து உலுக்கியிருப்பேன். ஒரு மனுஷனிடம் ஒரு பொய்யை எத்தனை பேர் சேர்ந்து எவ்வளவு அழுத்தமாகச் சொல்லியிருந்தால், உண்மையைச் சொல்ல வந்தவளை அவனே சமாதானப்படுத்துவான்! அவனே தொடர்ந்தான்.

“எம்பையன் கூட சின்னதுல கேட்டுக்கினே இருந்தான்க்கா, கிட்டாரு கத்துக்குறேன்னு. நம்ம கை அதுக்கு ஒத்துவராதுடா, அதெல்லாம் வேற கையின்னு சொல்லிட்டேன். அப்புறம் கேக்கல.”

“பையன் இப்ப இன்னா பண்றான்?” என்றேன்.

“இங்கதான்க்கா, எங்கூடவே மண்டியில. என்னவிட நல்லா தூக்குவான்” என்றான். பெருமையாகத்தான் சொன்னான்.